நூல் இல்லாமல் தைத்தவள்

1

ஒளிப்பானேன், இது ஒட்டுக்கேட்ட கதை. தைக்கக் கொடுத்த தலையணை உறை என்னாயிற்று என்று கேட்க எதிர்வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. என் காதும் திறந்திருந்தது.

'அந்தக் குழந்தையின் கண்களில் ஆழ்ந்த சோகம் தெ—' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். கண்ணை நான் எங்கே கண்டேன்? அவள்தான் தையல் மேசைக்கு அடியிலேயே குடியிருந்தாளே!

2

விவரம் இதுதான். தையல்காரியின் தங்கை நோயில் போய்ச் சேர்ந்தாள். தங்கை புருஷன் குடியில் விழுந்தான். ஒரு நாள் அலமாரிக் கண்ணாடியைக் கையாலேயே குத்தி உடைத்தான். மகள் அதே அறையில் இருந்தாள். பெரியம்மா போய்த் தூக்கி வந்துவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. தெருவில் நாங்கள் 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்தோம். (பெயர் வைக்க எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?)

பெரியம்மாதான் ஒன்றைக் கவனித்தாள். தையல் மிஷின் ஓடும்போது மேசைக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு. மிஷின் நின்றால் அதுவும் நின்றுவிடும். எனவே தைக்கத் துணி தீர்ந்த பிறகும், ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, ஒரே கந்தலை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து மட்டும் பார்க்கவில்லை.

"நூலில்லாம என்னக்கா தைக்கிறே? காத்துக்குச் சட்டையா?"

"நூலை உன் வாய்க்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். போ."

போவேனா? சுவரோரம் நின்றேன். மிஷின் ஓடத் தொடங்கியதும் மேசைக்கு அடியிலிருந்து பிள்ளையின் குரல்.

"நான் கத்தியிருந்தா அப்பா நிறுத்தியிருப்பாரு, பெரியம்மா."

"உன்னால இல்லடி தங்கம்."

மறுநாளும் பிள்ளை அதையே சொன்னாள். பதிலும் அதேதான், முதல் தடவை சொல்வதுபோல. [இங்கே பரிவைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். மிதித்து மிதித்துப் பெரியம்மாவின் கணுக்கால் வீங்கியிருந்தது என்றாலே போதும்.]

3

இவ்வளவு பொறுமை யாருக்கு உண்டு, புளுகாதே என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒரு மதியம், குழந்தை தூங்கியபின், செத்துப்போன தங்கையை அவள் வைதாள்: "போய்ச் சேந்து நீ சொகமா இருக்கேல்ல?" அப்புறம் கந்தலை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்று நான் உறையைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

பிள்ளை மெல்ல மேசைக்கு அடியிலிருந்து ஸ்டூலுக்கு ஏறினாள். ஒருமுறை எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். தேறிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

4

அப்பன் வந்தான். சவரம் செய்த முகம், கையில் இன்னும் கட்டு.

"குடிய விட்டுட்டேன்க்கா. புள்ளையக் கூட்டிட்டுப் போறேன். அவ இல்லாம வீடு வீடா இல்ல."

"போன தடவையும் இதேதான் சொன்னே, தம்பி."

பிள்ளை பெரியம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"கை வலிக்குதாப்பா?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போகவா, பெரியம்மா?"

முதல் முடிவு: அனுப்பிவிடுகிறாள், அவனும் திருந்தி— (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

இரண்டாவது: கதவைச் சாத்துகிறாள். வெளியே அப்பா அழுவது பிள்ளைக்குக் கேட்டுக்கொண்டே— (என்னால் முடியவில்லை.)

ஊர் வாய்க்கு ஒரு முடிவு சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போய்விடுவேன். நாளைக்கும் மறுநாளும் அந்தப் பிள்ளையோடு இருக்கவேண்டியது நானில்லையே. அதனால் பெரியம்மாவின் இடத்தில் உங்களை உட்காரவைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.