ஊர் எது என்று கேட்டால்

லண்டனிலிருந்து மூன்று கிழமை விடுமுறைக்கு வந்திருந்த தில்லைநாதனுக்குக் கொழும்பில் எல்லாமே பிடித்துப்போயிற்று. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் காலிமுகத்திடல் பக்கம் பெரிய ஹோட்டலில் அறை எடுத்து, காலையில் எழும்பி நீந்தினார். "பேப்பரில எழுதுற அளவுக்கு இங்க ஒண்டும் இல்லையே," என்றார். தங்கை நாகேஸ்வரிக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. வந்த அண்ணனோடு எதற்குச் சண்டை என்று விழுங்கிவிட்டாள்.

அவளுடைய கவலையெல்லாம் மகள் சுகந்தினிதான். இருபத்திரண்டு வயது. வளர்ந்தது வன்னியில், கிளிநொச்சியில். அது தெரிந்தால் புலி என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் கண்டி, விலாசம் கொழும்பு வெள்ளவத்தை. செத்துப்போன தகப்பன் அந்தக் காலத்தில் கண்டியில் வேலை பார்த்த புண்ணியம் அது. சோதனைச் சாவடியில் "கம கொஹேத?", அதாவது ஊர் எது என்று கேட்டால், "வெள்ளவத்த" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாகத் தாயும் மகளும் அப்படித்தான் தப்பி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தில்லைநாதன் இரண்டு பேரையும் வாடகைக்குப் பிடித்த வானில் ஏற்றிப் பெந்தோட்டைக் கடலுக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது தெஹிவளைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். மனிதர் பாஸ்போர்ட்டை ஹோட்டலிலேயே விட்டிருந்தார். பொலிஸ்காரன் பெண்களின் அட்டைகளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரிடம் கேட்டான்.

"கம கொஹேத?"

லண்டன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் என்று கேட்டால் யாருக்காவது லண்டன் வாயில் வருமா? அரசாங்கக் கந்தோர் வேலைக்காக ஒரு காலத்தில் படித்த சிங்களத்தைக் காட்டவும் ஆசை. "அபே கம கிளிநொச்சி," என்றார் பெருமையாக. எங்கள் ஊர் கிளிநொச்சி. என்னுடைய ஊர் என்றாவது சொல்லித் தொலைத்தாரா? எல்லாருக்குமா என்று அவன் கேட்க, சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பொலிஸ்காரன் அட்டைகளை மறுபடி வாங்கினான்.

ஸ்டேஷனில் இரண்டு மணித்தியாலம் போயிற்று. வானை ஓட்டிவந்த ராசிக் ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்ததும் தில்லைநாதனுக்குக் கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. ஐயா போகலாம், வயதான அம்மாவும் போகலாம், பிள்ளையை விசாரிக்க வேண்டும் என்றார் அதிகாரி. உள்ளே கொண்டுபோகும்போது சுகந்தினி திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"நான் என்னத்தைக் கண்டன், தங்கச்சி," என்றார் தில்லைநாதன் வாசலில். "நாளைக்கு விட்டிடுவாங்கள். நல்ல லோயராப் பிடிப்பம். வியாழக்கிழமைதானே எனக்கு லண்டன் பிளைற், அதுக்குள்ள எல்லாம் சரிவரும். ஏறன்."

நாகேஸ்வரி வானில் ஏறவில்லை. திரும்பிப் போய் ஸ்டேஷனில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்தாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை. உங்களுக்குப் பிளைற் இருக்கு. எனக்குப் பிள்ளை உள்ளுக்க இருக்கு."