யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை

எனக்கு வாய் அதிகம். ஊருக்கே தெரியும். ஓஹாயோவில் எங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலறுகிறவர்களை அதட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். "அழுகையை நிறுத்து, அவரைத் தரையில படுக்க வை, நான் சொல்றதைச் செய்!" வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான் வரும். என் புருஷன் என்னை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காதுக்கு ஓய்வு தேடித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையாரோடு உட்காரப் போனேன். அங்கே பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. பத்தொன்பது பேர் மரப் பெஞ்சுகளில் ஒரு மணி நேரம் அசையாமல் கர்த்தருக்காகக் காத்திருப்போம். யாருக்காவது உள்ளேயிருந்து ஒரு வார்த்தை உந்தினால் எழுந்து சொல்லலாம். பல வாரங்கள் ஒருவரும் எழுவதில்லை. வெளியே எரிவாயுக் கிணறுகளுக்கு மணல் ஏற்றிப் போகும் லாரிகள் ஜன்னலை உலுக்கும். ஊர்க்காரர்கள் எங்களை ஊமைச் சபை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் ஆறு மாதம் முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஒருநாள் லாரிச் சத்தமும் என் மண்டைக்குள் இருந்த சத்தமும் சேர்ந்து அடங்கின. அழுதுவிட்டேன், அவ்வளவு நிம்மதி. அதனால் மௌனத்தைப் பழிக்க வந்தவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

எங்களிடம் ஓட்டுப் போடும் வழக்கமும் இல்லை. கூரைக்குத் தகரமா, ஓடா என்று கேள்வி வந்தால், கூட்டத்தை நடத்தும் வெண்டல் எழுந்து, "அப்போ தகரம்னு வச்சுக்கலாமா?" என்பார். எல்லோரும் சும்மா இருப்போம். யாரும் வாய் திறக்கவில்லையென்றால் தகரம்தான். முடிவு ஆகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்.

கூரைக்கு அது சரி. கோரின் விஷயத்தில்தான் நாங்கள் கெட்டோம்.

கோரினுக்கு முப்பது வயது. எங்கள் பெஞ்சுகளிலேயே தவழ்ந்து வளர்ந்தவள். பெற்றவர்கள் இப்போது இல்லை. மார்ச் மாதம் புருஷன் டேலை விட்டுவிட்டு, ஒரு பையோடு வெண்டல் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள். மே மாதம் அவன் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சத் தொடங்கினான். போவதா வேண்டாமா என்று தெரியாமல், தெளிவுக் குழு வேண்டும் என்று கேட்டாள்.

தெளிவுக் குழு என்றால், கஷ்டத்தில் இருப்பவரோடு நாலு பேர் உட்காருவது. கேள்வி மட்டும் கேட்கலாம். புத்தி சொல்லக் கூடாது. போ, போகாதே என்ற பேச்சே கூடாது. பதில் கர்த்தரிடமிருந்து அவளுக்குள்ளேயே வர வேண்டும். நடுவில் எல்லாம் மௌனம். அந்த நாலு பேரில் வெண்டலும் உண்டு, நானும் உண்டு.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதற்கு முந்தின அக்டோபரில் ஒருநாள், சாயங்காலம் நாலு மணிக்கு, டேல் வீட்டு எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "தப்பா அழுத்திட்டேங்க, மன்னிச்சிடுங்க," என்றது கோரினின் குரல். அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் மெதுவாகச் சிரித்து, "இன்னும் நல்லா சொல்லு," என்றான். நான் போலீஸ் வண்டியை அனுப்பினேன். வாசலில் இருவரும் சிரித்தபடி நின்றார்களாம். அழைப்பில் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்ட வேலை என்னுடையது.

குழு கூடிய அன்று காலை வெண்டல் என்னை வாசலிலேயே மடக்கினார். "லொரெட்டா, உன் ஆபீஸ் குரலைக் காருலயே விட்டுட்டு வா."

"பூட்டிட்டே வந்துட்டேன், வெண்டல்," என்றேன். இருவரும் சிரித்தோம்.

உள்ளே நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்த வீட்டுல இருக்கறப்போ உன் உடம்பு எப்படி இருக்கு, கோரின்?"

"ஜாக்கிரதையா இருக்கு. டிவி, ரேடியோ எல்லாம் ஒண்ணா ஓடும். சத்தம் இருக்கற வரைக்கும் பரவாயில்லை. அவன் எல்லாத்தையும் அணைச்சுட்டான்னாதான் பயம்."

பிறகு சொன்னாள்: "ஆனா மாறிட்டேங்கறான். சனிக்கிழமை திரும்பிப் போகலாம்னு இருக்கேன்."

எங்கள் நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் முகத்தில் அவள் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம்.

ஐயோ, அந்தப் பத்து நிமிஷம்! என் வேலையில் முதல் பாடமே, அழைத்தவர் பேச்சு நின்றால் உடனே வண்டியை அனுப்பு என்பதுதான். போகாதே என்ற வார்த்தை என் பல்லில் வந்து முட்டியது. விழுங்கினேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், அதில் எனக்குப் பெருமை வேறு. இந்த வாயையும் அடக்கிவிட்டேனே என்று பெருமை. வெளியே வந்ததும் வெண்டல் என் கையை அழுத்தினார். "நல்லா அடக்கிக்கிட்ட," என்றார்.

சனிக்கிழமை கோரின் போனாள். ஜூலையில் பக்கத்து வீட்டுக்காரி அவசர எண்ணுக்கு அழைத்தாள். அன்று எனக்கு விடுமுறை. டேல் ஜெயிலுக்குப் போனான். கோரின் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடைந்த தாடை ஒட்டியது. இடது காது போனது போனதுதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு அவள் வந்து, என் பெஞ்சுக்கு வலப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி நேரம் போன பிறகு எழுந்தாள்.

"நான் இங்க வளர்ந்தவ," என்றாள். தாடையால் வார்த்தை மெதுவாக வந்தது. "வேண்டாம்னா யாராவது வாயத் திறப்பாங்க. திறக்கலேன்னா சரின்னு அர்த்தம். சின்ன வயசுலேருந்து அதைத்தான பாத்திருக்கேன்? அன்னைக்கு நாலு பேரும் கண்ணை மூடி உக்காந்திருந்தீங்க. கர்த்தரே சரின்னுட்டாருன்னு நெனச்சுப் போனேன்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"லொரெட்டா, அந்த ஃபோனை எடுத்தது நீங்கதானே? உங்க குரல் எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்ச நீங்களே பேசாம இருந்தீங்க. அதனாலதான் தைரியமாப் போனேன்."

ஒருவர் பேசினால் அதற்கு உடனே பதில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. வழக்கமாம், வழக்கம்! நான் எழுந்தேன். "ஆமா. நான்தான்," என்றேன்.

கோரின் தலையைத் திருப்பினாள். "அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

எல்லோர் முன்னாலும் நடந்து அவளுடைய வலப்பக்கம் போய் நின்றேன். ஒரு மணல் லாரி போனது. அது போய்த் தொலையும்வரை நின்றேன். பிறகு இன்னொரு முறை சொன்னேன். "நான்தான் எடுத்தேன். எனக்குத் தெரியும். போகாதேன்னு சொல்லியிருக்கணும், சொல்லல."

அவள் கேட்டுக்கொண்டாள். உட்கார்ந்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் அவள் பக்கத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அவளுடைய மௌனத்துக்கு இன்னதுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.