ரீபூட் தெரியாத வித்தகர்

கல்லூரி சர்வர் அறையில் அவருக்கு 'வித்தகர்' என்று பெயர். பட்டத்தைச் சூட்டிக்கொண்டதும் அவரேதான். ஓடுகிற லினக்ஸ் சர்வரை நிறுத்தாமலே டிஸ்க்கைப் பெரிதாக்குவேன், அணைத்துப் போட்டு ரீபூட் பண்ணுகிறவனெல்லாம் வெறும் மெக்கானிக் என்று டீ குடிக்கிற இடத்திலெல்லாம் பீற்றிக்கொள்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் கோப்பையோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

கல்லூரியில் சேர ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் எத்தனை தடவை 'சேவ்' அமுக்கினாலும் எதுவும் சேமிப்பில் ஏறவில்லை. நிரப்பியதெல்லாம் சர்வரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்தது. அணைத்தால் அத்தனையும் போகும். அந்தப் பிள்ளைகளில் அவருடைய மகளும் ஒருத்தி.

"அப்பா, நாள் பூரா உட்கார்ந்து அடிச்சது, சேவ் ஆக மாட்டேங்குது," என்று போன் செய்தாள்.

"எதையும் தொடாத கண்ணு, அப்படியே விட்டு வை. அப்பா பார்த்துக்கறேன்."

புது இடத்தைச் சேர்த்தார். பார்ட்டிஷனை நீட்டினார், வால்யூமை நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கே இருந்தவள் மனைவியின் தங்கை, அவருக்குச் சமமான வேலையில் இருப்பவள், அதுதான் அவருக்கு ஆகாது. கடைசியில் பார்த்தால் டிஸ்க் இன்னமும் நூற்றுக்கு நூறு நிரம்பியே இருந்தது. இம்மியும் குறையவில்லை.

"மாமா, ஃபைல் சிஸ்டத்தை நீட்டலையே. பக்கத்து மனையை வாங்கிட்டு வேலியைத் தள்ளி வைக்காம விட்டா எப்படி?"

"எனக்கே பாடமா? உன் வேலையைப் பாரு."

முதல்வர் வாசலில் வந்து நின்று "ஆச்சா?" என்றார். வித்தகருக்கு வேர்த்துக் கொட்டியது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வருமா? ரீபூட் அடித்தார். மைத்துனி கையைத் தட்டிவிடுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

சர்வர் எழுந்தது. டிஸ்க் மட்டும் அதே நூற்றுக்கு நூறு. மைத்துனி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஒரே ஒரு வரி அடித்தாள். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் இடம் தாராளமாக விரிந்தது.

போன் மறுபடி அடித்தது.

"எல்லாம் அழிஞ்சு போச்சுப்பா. யாருப்பா ஆஃப் பண்ணது?"

முதல்வர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சித்தி கை பட்டுடுச்சும்மா," என்றார், மைத்துனியை எதிரில் வைத்துக்கொண்டே.

அதற்கு மகள் சொன்னாள்:

"சித்தி காலையிலேயே சொன்னாங்க, எதுக்கும் தனியா ஒரு காப்பி எடுத்து வைச்சுக்கோன்னு. நான்தான் உங்களை நம்பி விட்டுட்டேன்."