சிமிட்டாத கண்

மேஜைமேல் இரண்டு குப்பிகள். ஒன்றில் இருந்த கருவிழி விளக்கொளியில் பளிச்சென்று இருந்தது. மற்றது ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை. அவளுடைய அப்பாவுடையவை.

ஊழியர்கள் சொந்தக்காரர்களின் கண்ணைத் தாங்களே அளக்கக் கூடாது என்பது அவள் வேலை பார்க்கும் கண் வங்கியின் விதி. அதனால் மூத்த டெக்னீஷியன் அக்கா அளக்க, அவள் பின்னால் நின்றாள். இடது கருவிழியின் உட்புறச் செல்கள் திரையில் தேன்கூடுபோல நெருக்கமாகத் தெரிந்தன. கருவிழியில் நீர் தேங்கவிடாமல் இறைத்து, அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும்; போனது போனதுதான், புதிதாக முளைக்காது. அப்பாவுக்கு எழுபத்தாறு. கூடு நாற்பது வயதுக்காரனுடையது.

"வலதும் இப்படித்தாம்மா இருந்திருக்கும். மேல்பக்கம் காஞ்சு வெந்துபோச்சு. ஆபரேஷனுக்கு ஆகாது," என்றார் அக்கா. பிறகு போனை எடுத்து, காலையில் தயாராக இருக்கச் சொல்லியிருந்த இரண்டு பேரில் ஒருவரை, ஒரு தையல்காரம்மாவை, வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷம் முன்பு இங்கே இந்தச் செல்களை அளக்கும் புது மெஷின் வந்தபோது தானே வந்து தாடையை வைத்து உட்கார்ந்து, "ஆளுக்கு எழுபத்தி நாலு, கண்ணுக்கு நாப்பது!" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். அண்ணன்தான் உதட்டைப் பிதுக்கினான். "கிழட்டுக் கண்ண எவன் வாங்கப்போறான்?"

நேற்று விடியற்காலை அப்பா போன செய்தி வந்தபோது அவள் வெளியூரில் இருந்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அண்ணனிடம் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். ஃபேனை நிறுத்து. இமையை மூடு. ஈரப்பஞ்சு வை. அவனும் செய்தான். அதோடு சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் மாலையோடு வந்ததும், முகம் நன்றாகத் தெரியட்டும் என்று பஞ்சை எடுத்திருக்கிறான். அவர்களுக்கு வியர்க்குமே என்று ஃபேனையும் போட்டிருக்கிறான். பஞ்சு இழுத்ததில் வலது இமை பாதி திறந்துகொண்டது. கண் எடுக்க ஆள் வரும்வரை காற்று நேராக அதன்மேல் அடித்தது. வீடு நிறைய ஜனம். மூடிவிட ஒரு கை இல்லை.

மதியம் அண்ணன் வந்தான். அப்பாவின் கண்ணைப் பார்க்க அல்ல. நன்றிச் சான்றிதழ் வாங்க.

"ரெண்டு கண்ணும்னு போட்டிருக்காங்களா?"

"ஒண்ணுதான் ஆபரேஷனுக்குப் போகுது. இன்னொண்ணு பாழாப்போச்சு."

"வயசான கண்ணுல்ல, அப்படித்தான் இருக்கும். சும்மா ரெண்டுன்னே போடச் சொல்லேன். பாக்குறவங்க கேப்பாங்கல்ல?"

அவளுக்கு வாய்வரை வந்தது. பஞ்சை எடுத்த கை எது என்று கேட்க நினைத்தாள். கேட்டால் வந்தவர்களைக் காரணம் காட்டுவான். அவனிடம் எப்போதும் ஒரு சாக்கு தயாராக இருக்கும்.

"வா," என்று பக்கத்து அறையில் நோயாளிகளை அளக்கும் மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். "உன் கண்ணு எப்படி இருக்குன்னு பாப்போம்."

அவன் முகம் மலர்ந்தது. "அட, பாரு பாரு! எனக்கும் அப்பா கண்ணுதான்."

"தாடைய வை. நெத்திய ஒட்டு. சிமிட்டாத."

ஏசிக் காற்று நேராக அவன் முகத்தில் விழுந்தது. திரையில் அவன் கண் பெரிதாக வந்து நின்றது. வெள்ளையில் மெல்லச் சிவப்பு ஓடியது.

"முடிஞ்சுதா? எரியுது."

"சிமிட்டாதண்ணா."

"காத்து அடிக்குதுடி. எரியுது."

"தெரியும்," என்றாள். கீழ் இமையில் நீர் கட்டி, வழியத் தயாராக நின்றது. அவள் விரல் படம் எடுக்கும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.