எல்சிக்கு வால் இருந்தது

வேதமாணிக்கத்துக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது வருஷத்தில் பெண் குழந்தை பிறந்தது. ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி. வராந்தா மூலையில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தவரை ஆயா ராஜாத்தி வந்து எழுப்பினாள்.

"பொண்ணு பொறந்துகீது நைனா. தாயும் புள்ளயும் நல்லா கீறாங்க. ஒரு தபா உள்ள வந்து பாத்துடுங்க."

நல்ல செய்தி சொல்கிறவள் முகத்தில் சிரிப்பைக் காணோம். அவர் பின்னாலேயே போனார். மயக்கம் போலக் கண்மூடிக் கிடந்த மனைவி தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் குழந்தையைக் குப்புறப் போட்டு, சுற்றியிருந்த துணியை விலக்கினாள் ராஜாத்தி.

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வால். தோல் மூடி, மெல்லிய பூமயிரோடு இருந்தது. குழந்தை வீறிட்டபோது அது லேசாக வளைந்து நிமிர்ந்தது.

வேதமாணிக்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 

"மூடு" என்றார். "யார்கிட்டயும் சொல்லிராதே."

வேறு எந்தத் தகப்பனுக்கும் இது அதிர்ச்சிதான். அவருக்கோ இதில் இன்னொன்றும் இருந்தது.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் தேங்காய்க் கயிறு மொத்த வியாபாரம் செய்பவர் அவர். ஆனால் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் அவரை யாரும் கயிற்றுக் கடைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். பிரசங்கியார் என்பார்கள். அந்த ஐம்பத்து மூன்றாம் வருஷத்தில் தெருவுக்குத் தெரு பகுத்தறிவுக் கூட்டம் நடந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் அப்பாவு, புளியந்தோப்புச் சேரியில் பிறந்தவர், கல்மண்டபத்தருகே மேடை போட்டு, மனிதனைக் கடவுள் படைக்கவில்லை, பரிணாமத்தில் வந்தவன் என்று பேசினார். பதில் சொல்ல வேதமாணிக்கத்தைச் சபையார் அனுப்பினார்கள். இரண்டு தரப்பும் ஒரே மேடையில் பேசுவது என்று ஏற்பாடாயிற்று.

போன மாதம் நடந்த முதல் கூட்டத்தில் வேதமாணிக்கம் சொன்ன ஒரு வாக்கியம் ஊரெல்லாம் பரவிவிட்டது.

"வாலோடு பிறந்த ஒரே ஒரு மனுஷனைக் காட்டுங்கள். இந்த வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் பின்னால் வருகிறேன்!"

அப்பாவு பதில் தேடித் திணறினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த உற்சாகத்தில் வேதமாணிக்கம் இன்னொன்றும் சொன்னார்: "அப்பாவு தன் பாட்டன் குரங்கு என்கிறார். அது அவர் குடும்ப விஷயம். நான் மறுக்கவில்லை." சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள்தான், அடுத்த வாரச் சனிக்கிழமை. சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் ஜெரினாவின் அறையில் வேதமாணிக்கம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். "டாக்டரம்மா, இது பிசாசு வேலையா?" என்று கேட்டே விட்டார்.

ஜெரினா நிமிர்ந்து பார்த்தார். "பிசாசும் இல்ல, சாபமும் இல்ல. ரொம்ப ரொம்ப அபூர்வம், அவ்வளவுதான். தாய் வயித்துல இருக்கிறப்ப எல்லாக் குழந்தைக்கும் சில வாரம் வால் இருக்கும். அப்புறம் தானா மறைஞ்சுடும். இதுக்கு முழுசா மறையல."

"எல்லாக் குழந்தைக்குமா?"

"எல்லாக் குழந்தைக்கும். எனக்கும் இருந்துச்சு. உங்களுக்கும் இருந்துச்சு."

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதுபோல வேதமாணிக்கத்தின் முகம் சிவந்தது. "நீங்க தொழுகிறவங்கதானே? கடவுளை நம்புறவங்கதானே?" என்றார்.

"அஞ்சு வேளையும் தொழறேன். அவன் எப்படிப் படைச்சான்னு என்கிட்ட வந்து சொல்லல. வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு படிச்சிருக்கேன், அதைச் சொன்னேன்."

"சரி, இன்னைக்கே வெட்டி எடுத்துருங்க."

"முடியாது. முதுகெலும்போட ஒட்டியிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். குழந்தை எடை ஏறணும். மூணு மாசம் போகட்டும்."

வார்டுக்குத் திரும்பியபோது தங்கபுஷ்பம் விழித்திருந்தாள். குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள்.

"நான் எல்லாம் பாத்துட்டேன்" என்றாள், அவர் வாயைத் திறக்குமுன்பே. "பிள்ள அழகா இருக்கா. எல்சின்னு பேரு வைப்போம்."

"புஷ்பம், வேற டாக்டரைப் பாப்போம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள எடுத்துரணும்."

"யாருக்காகச் சொல்லுதீங்க? பிள்ளைக்காகவா, கூட்டத்துக்காகவா?"

ஒன்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் வெளியே வந்துவிட்டார்.

அடுத்த அடி திங்கட்கிழமை மத்தியானம் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ராஜாத்தி தூக்குச்சட்டியிலிருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். எதிரே குந்தியிருந்த ஆள் திரும்பினார். அப்பாவு.

"எங்க வூட்டுக்காரரு நைனா" என்றாள் ராஜாத்தி, சாதாரணமாக.

அப்பாவு எழுந்து நின்று அவரைப் பார்த்தார். கும்பிடவில்லை. அந்தப் பார்வையிலேயே வேதமாணிக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்.

வேதமாணிக்கம் கடையில் கயிற்றுக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சனிக்கிழமையை எண்ணிப் பார்த்தார். அப்பாவு எழுந்து ஒரே வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடும். பாதிப்பேர் கற்பூரத்தோடு, பாதிப்பேர் போட்டோப் பெட்டியோடு. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். போகாவிட்டால் ஏன் என்று தேடிவந்து கேட்பார்கள்.

போனார்.

கல்மண்டபத்தருகே சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கால் வைக்க இடமில்லை. அப்பாவு முதலில் பேசினார். கல்லுக்குள் அகப்பட்ட மீன் எலும்பைப் பற்றி, திமிங்கலத்தின் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கால் எலும்பைப் பற்றி, கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். நடுவிலேயே கூச்சல் கிளம்பியது.

"வாலைக் காட்டு, வாலு!"

"இன்னா மாமு, வாலோட ஒருத்தனும் கெடைக்கலயா?"

அப்பாவு நிறுத்தினார். வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கேள்விக்கு என்னாண்ட பதிலு இல்ல" என்றார்.

ஊளைச் சத்தம். யாரோ ஒருவன் குரங்கு மாதிரிக் கத்தினான். பத்துப் பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். சபை மூப்பர் ராசையா துள்ளி மேடையேறி வேதமாணிக்கத்தின் கழுத்தில் மாலையைப் போட்டார். வேதமாணிக்கம் அதைத் தடுக்கவில்லை. தான் சும்மா நின்று அந்த மாலையை வாங்கிக்கொண்டதுதான், வாலைப் பார்த்தபோது வராத நடுக்கத்தை அவருக்குக் கொடுத்தது.

கூட்டம் கலைவதற்குள் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அப்பாவுவைப் பிடித்தார்.

"உமக்குத் தெரியும்லா? ஏன் சொல்லல?"

"தெரியும். எம் பொஞ்சாதி சொன்னா. சொல்லிட்டு ராவும் பகலும் என்னாண்ட சண்ட. கொயந்தய மேடையில ஏத்துனன்னா வூட்டுக்குள்ள வராதன்னுட்டா."

"அதுக்காகத்தானா?"

"அதுக்காகவுந்தான். நாளைக்கு அது பெரிய பொண்ணாவும். ஊரே அத்த வேடிக்க பாக்கும். ஒரு கூட்டத்துல ஜெயிக்கறதுக்கு அத்த செய்யணுமா?"

வேதமாணிக்கம் அவர் கையைப் பிடிக்கப் போனார். அப்பாவு கையை இழுத்துக்கொண்டார்.

"உம்மேல எனக்குப் பரிவெல்லாம் ஒண்ணும் கெடயாது. ஒரு மாசமா ஹார்பர்ல என்ன கொரங்குன்னு கூப்புட்றானுங்க. எங்கள மனுசன் இல்லன்னு சொல்றது ஊருக்குப் புச்சா இன்னா? ஆனா நீ வேதத்தக் கையில வெச்சுகினு சொன்ன பாரு. அத்தத்தான் என்னால மறக்க முடியல."

சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார். வேதமாணிக்கம் நடுத்தெருவில் நின்றார். குடும்ப விஷயம் என்று தான் சிரித்துச் சொன்னதை அந்த மனிதர் எந்தக் காதால் கேட்டிருப்பார் என்று அதுவரை அவர் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் மனிதன் என்று அதே முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்ததும் முதல் வார்த்தையாக அவர் அப்பாவுவிடம் மன்னிப்புக் கேட்டார். "குரங்கு என்று நான் சொன்னது பாவம்" என்றார். வால் சவாலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "அது அவ கத. வளந்து வந்து அவ இஷ்டப்பட்டாச் சொல்லட்டும். நீங்க சொல்லக்கூடாது." அவருடைய ஆட்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்பாவு மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

நான்காம் மாதம் ஜெரினா அறுவை செய்தார். எலும்போடு ஒட்டியிருக்கவில்லை. பத்து நாளில் புண் ஆறி, ஒரு கோடு மட்டும் மிஞ்சியது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. ராசையா தலைமையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேய், நீர் அந்தப் பக்கம் சாஞ்சிட்டீர்னு ஊர்ல பேசுதாங்க" என்றார் ராசையா. "மனுஷன் குரங்குல இருந்து வந்தானா, கர்த்தர் மண்ணெடுத்துப் படைச்சாரா? ஒரே வார்த்தையில சொல்லும். அடுத்த வாரமே உம்மைப் பிரசங்கத்துக்குப் போட்டுருதோம்."

அவருக்கு மனப்பாடமான வசனங்கள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. கூடவே டாக்டரம்மாவின் குரலும் வந்தது.

"கர்த்தர்தான் படைச்சாரு. அதுல எனக்குச் சந்தேகமில்ல" என்றார். "எப்படின்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது. இருபது வருஷப் பிரசங்கத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று ஒரு கணம் திகைத்தார். ராசையா கேட்டார், "தெரியாதவர் எப்படிய்யா பிரசங்கம் பண்ணுவீர்?" பேனாவை எடுத்துப் பிரசங்கிகள் பட்டியலில் வேதமாணிக்கத்தின் பெயரை அடித்தார்.

பின்வரிசையில் காத்திருந்த தங்கபுஷ்பம் எழுந்தாள்.

"வாங்க, பிள்ளைக்குப் பசிக்கி" என்றாள்.

அவர் எல்சியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார்.