அட்டையில் நாலு பேர்

தெருவில் அவளை அட்டைக்காரி என்றுதான் சொல்வார்கள். கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது என்று அவளும் விட்டுவிட்டாள். அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தங்கையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மட்டும் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

அப்பா அறுவை சிகிச்சை முடிந்து, அவரும் அம்மாவும் மட்டும் இருக்கும் பழைய வீட்டுக்குத் திரும்பியிருந்தார். வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் குடும்பத்தின் சார்பில் நன்றி அட்டை அனுப்பலாம் என்று அண்ணன் சொன்னபோது, அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பழைய எக்ஸ்ரே தாளைக் கழுவி, அதில் ஐந்து உருவங்களைக் கத்தியால் வெட்டி எடுத்தாள். அண்ணன், அப்பா, நடுவில் குட்டைமுடித் தங்கை, பக்கத்தில் அம்மா, கடைசியில் அவள். தாளை அட்டைமேல் வைத்துப் பஞ்சில் மை தொட்டு ஒற்றினால், ஐந்து பேரும் கைகோத்து நின்றார்கள். ஓரத்துக்கு, அழிரப்பரில் செதுக்கிய பூ முத்திரை.

மாதிரியைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுருங்கியது.

"நடுவுல இவ எதுக்கு?"

"ஏன், அவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லையா?"

"புருஷனை விட்டுட்டு வந்து தனியா ரூம் எடுத்து உக்காந்திருக்கா. அட்டையைப் பாக்கறவன் எல்லாம் என்னைத்தான் கேள்வி கேப்பான். எடுத்துடு. நாலு பேர் போதும். அப்பாவோட விருப்பமும் அதுதான்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் தங்கை. பகலில் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று அவளுக்கு ராத்திரி முறையை ஒதுக்கியவன் இந்த மகராசன்தான். வேலை வாங்கும்போது இனித்தவள், அட்டையில் கசக்கிறாளாம்.

அவன் கண் முன்னாலேயே தங்கையின் உருவத்தை டேப் ஒட்டி மறைத்து ஒற்றிக் காட்டினாள். அப்பாவின் கையும் அம்மாவின் கையும் நடுவில் எதையோ தேடி நீண்டிருந்தன.

அண்ணன் சட்டை செய்யவில்லை. "கிட்டக் கிட்ட நிக்கற மாதிரி வேற வெட்டு."

"சரி, வெட்டறேன்."

அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவன் போனதும் புதுத் தாள் எடுத்து நாலு பேரை வெட்டினாள். கோபத்தில் முதல் அட்டைக்கு மையை அள்ளிவிட்டாள். தாளுக்கு அடியில் கசிந்து அண்ணனுக்குப் பெரிய தொப்பை போட்டது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு, மெதுவாக ஒற்றி ஒற்றி எல்லாவற்றையும் முடித்தாள். காய்ந்ததும் உறையில் போட்டு விலாசம் எழுதித் தபால் பெட்டி வரை தானே நடந்தாள்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தான். மேஜைமேல் ஒரே ஒரு அட்டை இருந்தது. எண்ணிப் பார்த்தான். நாலு பேர்தான். அவன், அப்பா, குட்டைமுடி, அம்மா.

"உன்னைக் காணோம்?"

"நாலு பேர் போதும்னியே. ஒரு ஆளை எடுத்துட்டேன்."

"விளையாடறியா? எல்லாத்தையும் கிழிச்சுப் போடு!"

"முந்தாநேத்தே தபால்ல போட்டாச்சு. முதல் அட்டை அப்பாவுக்குத்தான்."

"அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"நான் ஏன் சொல்லணும்? அவரோட விருப்பம்னு சொன்னவன் நீ."

அவன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோன் அடித்தது. அப்பா. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அட்டை வந்துச்சும்மா. சின்னவ அச்சு அசலா இருக்கா. ஆமா, நீ எங்க?"

அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"நாலு பேர் போதும்னு அண்ணன் சொன்னான்ப்பா. அவளை எடுக்கறது உங்க விருப்பமாம். எனக்குக் கை வரல. அதான் என்னை எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் அப்பாவின் குரல் ஏறியது.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? என் பேரைச் சொல்லி என் பொண்ணை எடுக்க இவன் யாரு? அங்க இருக்கானா?"

"எதிர்லதான் நிக்கறான்ப்பா."

"ஃபோனை அவன்கிட்ட குடு."

மை படிந்த விரல்களோடு அவள் ஃபோனை நீட்டினாள். அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"வாங்கு," என்றாள். "வாங்கிப் பேசு."