அழித்த பின் ஓடிய தூரம்

கடைக்காரர் காரின் கோளாறைப் படிக்கும் மூன்று ஸ்கேனர்களை மேசையில் பரப்பி, சின்னதை என் பக்கம் தள்ளினார்.

"இதுதாம்மா நல்லா போகுது. ஒரே பட்டன், எரர் கோட அழிச்சு எஞ்சின் விளக்க அணைச்சிடும்."

"அணையறது எனக்கு எதுக்கு? ஏன் எரியுதுன்னு தெரியணும்."

வாரம் மூன்று முறை மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது நான்தான். போன வாரம் நாற்சந்தியின் நடுவில் வண்டி மூச்சுவிடாமல் நின்றுவிட்டது. அத்தை என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து மாலையில் எரியும் விளக்கு மறுநாள் காலையில் இருப்பதில்லை. மெக்கானிக்கோ, "கம்ப்யூட்டர்ல ஒரு எரர் கோடும் இல்லையேம்மா" என்று கையை விரித்துவிட்டார். அத்தை, "பேய் கீய் புடிச்சிருக்கா பாரு" என்று சிரித்தார். எனக்குப் பயம்தான் வந்தது. பேயோ பிசாசோ, பிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பி வந்திருந்தேன்.

"அப்ப இது" என்று பெரிய திரை வைத்ததை எடுத்தார். "வண்டி ஓடும்போதே எல்லாம் காட்டும். எரர் கோட அழிச்சதுக்கப்புறம் எவ்வளவு தூரம் ஓடுச்சுங்கறதுகூட."

அதையே வாங்கினேன். வீட்டில் வண்டியை நிறுத்தியபோதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

காலையில் விளக்கைக் காணோம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினேன். கோடு இல்லை. அழித்த பின் ஓடிய தூரம்: பூஜ்யம். வண்டியை நிறுத்திய பிறகு யாரோ அழித்திருக்கிறார்கள்.

வெளியே என் கணவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் எனக்காகத் துடைத்து வைக்கிற மனுஷன். திரையைத் திருப்பிக் காட்டினேன். துணி நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து, நான் கடையில் பார்த்த அதே சின்ன ஸ்கேனர் வெளியே வந்தது.

"அந்த விளக்கப் பார்த்துப் பார்த்து நீ பயந்துக்கிட்டே ஓட்டுவியேன்னு..."

"உங்கம்மாவ உக்கார வெச்சு ஓட்டறேங்க!"

பாசம்தான், தெரிகிறது. ஆனாலும் நாலு அறை விடலாம் போல இருந்தது.

அத்தைக்கு டாக்ஸி கூப்பிட்டேன். ஏறும்போது, "அவன லேசுல விட்டுடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்க ஏறுங்க" என்றேன் இவரிடம். "அந்த விளக்கு எரியற வரைக்கும் சுத்தப் போறோம்."

ஊரையே சுற்றினோம். கடைசியில் விளக்கு எரிந்தது. அதே நாற்சந்தியில் எஞ்சின் நின்றது. ஹாரன் காதைப் பிளந்தது. பின்னால் வந்த பஸ், எங்கள் ரியர்வியூ கண்ணாடி முழுக்க நிறைந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா வண்டியில இருக்கும்போதும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

திரையில் கோடு வந்திருந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் படித்துப் பார்த்தார்.

"அட, எஞ்சின் சுத்தறத அளக்கற சென்சாரு! மாத்திடலாம். மொதல்ல இந்த விளக்க அணைச்சிடறேன்" என்று பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார்.

என் கணவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"தொடாதீங்க. சரி பண்ற வரைக்கும் எரியட்டும்."